தாலி கட்டும் காட்சியில் காணாமல் போன அட்சதை: எபெக்ட் பிரிவியூ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தாலி ஏறும் நேரத்தில் மேடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அட்சதை போட்டிருக்கிறார்கள். கேமராவில் பதிவான கிளிப்பில் அது நன்றாகவே இருக்கிறது. எடிட்டிங் முடித்து பென்டிரைவில் கொடுத்த வீடியோவை வீட்டு டிவியில் போட்டால், அந்த அரிசியில் பாதிக்கு மேல் காணோம். மீதி இருந்ததும் மஞ்சள் நிறம் போய், சாம்பல் தடமாக அந்தரத்தில் நிற்கிறது. பெண்ணின் முகம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று இருக்கிறது. பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்குப் போன் செய்து, "சார், முகூர்த்தமே கலங்கலா இருக்கு. இதையா நாங்க காலம் பூரா வெச்சுப் பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டார். எடிட் செய்த தம்பி தன் கணினியில் அதே இடத்தைப் பிரிவியூவில், அதாவது எக்ஸ்போர்ட்டுக்கு முன் எபெக்ட்டோடு திரையில் காட்டும் படத்தில், ஓடவிட்டுப் பார்த்தால் குறை எதுவும் கண்ணில் படவில்லை.

மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஸ்டூடியோவில் நடந்தது இது. தம்பி புராஜெக்டையும் மூலக் கிளிப்புகளையும் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். கல்யாண வீடியோவில் திரும்ப எடுக்க முடியாத இடம் முகூர்த்தம் ஒன்றுதான். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எடுத்த விதம், எடிட் செய்த விதம்

இரண்டு கேமராக்கள். இரண்டுமே 4கே, அதாவது 3840×2160, நொடிக்கு 25 பிரேம், 8 பிட். விடியற்காலை முகூர்த்தம். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பெரியவர் ஒருவர் சொன்னதால், மேடைக்கு முன்னால் இருந்த ஃபோக்கஸ் லைட்டில் ஒன்றை அணைத்திருக்கிறார்கள். மீதி வெளிச்சம் எல்லாம் எல்இடி சரங்களும் மண்டபத்தின் விளக்குகளும்தான். கேமராக்காரர் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் திறனை) ஏற்றித்தான் ஆகவேண்டும், ஏற்றியிருக்கிறார். விளைவாக, கூறைப்புடவையின் மடிப்புகளிலும் பெண்ணின் தலைமுடியிலும் மேடைக்குப் பின்னால் இருட்டாக இருந்த இடத்திலும் பொரிப்பொரியாக நாய்ஸ், அதாவது படத்தில் தாறுமாறாகத் துள்ளும் புள்ளிகள்.

எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில். இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடைக்காது, காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் உண்டு. அதற்காகவே அந்த ஸ்டூடியோ அதை வாங்கியிருந்தது. கணினி, 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள ஒரு லேப்டாப். அதன் திரை 1920×1080.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேமைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 40 மில்லிநொடி. 4கே பிரேம் ஒன்றில் 82,94,400 பிக்சல்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஐந்து பிரேம்களைப் புரட்டிப் பார்க்கிறது என்று வைத்தால், ஒரே ஒரு பிரேமைக் காட்டுவதற்கு 4 கோடிக்கு மேற்பட்ட பிக்சல்களைப் படித்து, எது எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த லேப்டாப்பால் அது 40 மில்லிநொடிக்குள் முடியாது. எபெக்ட்டைப் போட்டதும் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி ஓட்டிப் பார்க்கும் இடம்) திக்கித் திக்கி ஓடியது. தம்பி எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிராக்ஸி ரெசல்யூஷனைக் கால் அளவுக்குக் குறைத்தார். இப்போது கணினி தயாரிப்பது 960×540 படம், பிக்சல் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு. டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இது தவறான வேலை இல்லை. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் நாதஸ்வர ஒலியோடு காட்சியைப் பொருத்துவதற்கும் கால் அளவே தாராளம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் இந்த அளவைப் பார்ப்பதே இல்லை, முழு அளவில்தான் கணக்கிடும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தம்பி பார்த்து ஒப்புக்கொண்ட படம் ஒன்று, எக்ஸ்போர்ட் ஆகி வெளியே போன படம் வேறொன்று.

இரண்டு முறை வந்த குறை

வீட்டார் குறை சொன்னது இது முதல் தடவை இல்லை. முதலில் கொடுத்த வீடியோவில் நாய்ஸ் அப்படியே இருந்தது. "கறுப்பு இடமெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கால் அளவில் பார்த்தபோது அது தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. படத்தைக் காலாகச் சுருக்கும்போது பதினாறு பிக்சல்கள் கலந்து ஒரு பிக்சலாகின்றன. அந்தச் சராசரியிலேயே நாய்ஸின் பெரும்பகுதி கரைந்துவிடும். தாறுமாறாக வரும் நாய்ஸ் என்றால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதாவது எபெக்ட் செய்ய வேண்டிய வேலையைப் பிரிவியூ முன்கூட்டியே செய்துவிட்டது. படம் சுத்தமாகத் தெரிந்ததால் தம்பி எபெக்ட்டைக் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தார்.

குறை வந்ததும் அவர் முழு அளவுக்கு மாற்றி, ஒரு பிரேமில் நிறுத்தி, நாய்ஸ் முழுக்கப் போகும்வரை அளவை ஏற்றினார். டெம்போரல் பகுதியில் (முன்பின் பிரேம்களை ஒப்பிடுவது) பிரேம் எண்ணிக்கை 5, த்ரெஷோல்டு (எவ்வளவு வித்தியாசம் வரை நாய்ஸ் என்று கழிப்பது) 40-க்கு மேல், லூமாவும் (வெளிச்சம்) குரோமாவும் (நிறம்) சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தன. நிறுத்திப் பார்த்த பிரேம், மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் பிரேம். அதில் யாரும் அசையவில்லை, அட்சதையும் இன்னும் கையை விட்டுக் கிளம்பவில்லை. படம் பளிச்சென்று இருந்தது. பிறகு மறுபடி கால் அளவுக்குப் போய் ஓடவிட்டுப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. எக்ஸ்போர்ட் போட்டார்.

டிவியா, கம்ப்ரஷனா, எபெக்ட்டா?

"அண்ணே, அவங்க டிவிலதான் ஏதோ இருக்கு" என்பது தம்பியின் முதல் சந்தேகம். அதில் நியாயம் இருக்கிறது. இப்போதைய டிவிகள் பலவற்றில் அவற்றுக்கென்று நாய்ஸ் குறைப்பும் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியும் உண்டு. அவை சிறிய பொருட்களை இழுப்பதும் உண்டு. வீட்டாரிடம் கேட்டு, படத்துக்கான அமைப்பில் இரண்டையும் அணைத்துவிட்டு, கேமராவின் மூலக் கிளிப்பை அப்படியே அதே டிவியில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். அட்சதை தெரிந்தது. டிவியில் பழுதில்லை.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது ஃபைல் அளவைச் சுருக்குவது. எச்.264 எக்ஸ்போர்ட்டில் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று ஒரு வரம்பு இருக்கிறது. திடீரென்று நூற்றுக்கணக்கான சிறு பொருட்கள் பறந்தால், அந்த வரம்புக்குள் அடக்க முடியாமல் படம் கட்டம் கட்டமாகக் கரையும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. முகூர்த்தத்தின் அந்தத் துண்டை மட்டும், எபெக்ட்டோடு, டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கனமான, அதிகம் சுருக்காத இடைநிலை வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அதே துண்டை எபெக்ட் இல்லாமல், பழைய எச்.264 அமைப்பிலேயே இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். முதல் ஃபைலில் அட்சதை கலைந்தே இருந்தது. இரண்டாவதில், நாய்ஸோடு கூட, அட்சதையும் இருந்தது. கம்ப்ரஷனும் குற்றவாளி இல்லை. எபெக்ட்தான்.

இப்படிப் பிரித்துப் பார்க்காமல் பிட்ரேட்டை மட்டும் இரண்டு மடங்காக்கி அனுப்பியிருந்தால் மூன்றாவது முறையும் வீடியோ திரும்பி வந்திருக்கும்.

எபெக்ட் உள்ளே என்ன செய்தது

நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரண்டு வகை. ஒன்று, ஒரே பிரேமுக்குள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துச் சமப்படுத்துவது. ரிசால்வில் இதற்குப் பெயர் ஸ்பேஷியல். இன்னொன்று டெம்போரல், முன்பின் பிரேம்களைப் பார்ப்பது. நாய்ஸ் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும், மண்டபத்துத் தூண் மாறாது. ஆக, பல பிரேம்களில் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒரு பிரேமில் மட்டும் தோன்றி மறைவதைக் கழித்துவிட்டால் படம் சுத்தமாகும். அசையும் பொருள் என்றால் அது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, அந்த இடத்தோடு ஒப்பிடும்.

அட்சதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு பிரேமில் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த பிரேமில் அங்கே இருக்காது. மிகச் சிறியது, எந்தத் திசையில் போகும் என்று சொல்ல முடியாது. நூறு கைகளிலிருந்து நூறு திசைகளில் வருகிறது. எபெக்ட்டின் கணக்கில் நாய்ஸுக்கு என்னென்ன அடையாளமோ அத்தனையும் அட்சதைக்கும் பொருந்துகிறது. த்ரெஷோல்டு 40-க்கு மேல் போனதும் அரிசியையும் நாய்ஸ் என்று எடுத்துக் கழித்துவிட்டது. குரோமாவும் அதே அளவில் பூட்டியிருந்ததால், தப்பித்து நின்ற அரிசியின் மஞ்சளும் பின்னணியின் நிறத்தோடு கலந்து போயிற்று.

மூலக் கிளிப்பை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், ஷட்டர் 1/50 நொடி திறந்திருப்பதால், ஒவ்வொரு அரிசியும் புள்ளியாக இல்லை. இரண்டு மூன்று பிக்சல் பருமனில் ஒரு சிறு கீற்றாகப் பதிவாகியிருந்தது. கால் அளவில் அந்தப் பருமன் ஒரு பிக்சலுக்கும் கீழே. தம்பியின் பிரிவியூவில் எபெக்ட் போடும் முன்பே அட்சதை பாதி கரைந்துதான் தெரிந்திருக்கும். எபெக்ட் போட்ட பிறகு எதுவும் குறைந்ததாக அவர் கண்ணுக்கு எப்படிப் படும்?

தம்பியிடம் நான் காட்டிய இடம் இதுதான். கலர் பக்கத்தில், வியூவருக்கு மேலே ஹைலைட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் ஏ/பி வித்தியாசம் காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால், அந்த நோடுக்கு (எபெக்ட்டோ நிறத் திருத்தமோ போடும் ஒரு படி) முன் இருந்த படத்துக்கும் பின் வந்த படத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் திரையில் வரும். அதாவது எபெக்ட் எதை எடுத்து எறிந்ததோ அது. அளவு சரியாக இருந்தால் திரை முழுக்க ஒரே சீரான மணல் மட்டும் தெரிய வேண்டும், அதில் எந்த உருவமும் தெரியக் கூடாது. நாங்கள் பார்த்தபோது மணமேடையே அதில் இருந்தது. பெண்ணின் புருவம், மல்லிகைச் சரத்தின் ஓரம், புடவை ஜரிகையின் கட்டம், நாதஸ்வரக்காரரின் விரல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கீற்றுகள். அத்தனையும் அட்சதை. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் இங்கதான் இருக்காண்ணே?" என்றார்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறவர்கள் இந்தத் திரையைப் பார்க்காமல் எண்ணை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. எபெக்ட்டை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஷிஃப்ட் + டி அழுத்தினால் எல்லா கிரேடும் (போட்ட நிறத் திருத்தமும் எபெக்ட்டும்) போய்த் திரும்பும். ஆனால் அதில் கண் முதலில் பார்ப்பது நாய்ஸ் போனதைத்தான். என்ன இழந்தோம் என்பது வித்தியாசத் திரையில்தான் நேராகத் தெரியும்.

நோடுகளின் வரிசை

எண்ணை மட்டும் குறைத்தால் போதுமா? போதாது. குறைத்ததும் நாய்ஸ் திரும்பியது. நோடுகளைப் பார்த்தால் வரிசை இப்படி இருந்தது: முதலில் ஷார்ப்பன், அடுத்து கான்ட்ராஸ்டும் நிறமும், அதற்கு மேல் ஒரு க்ளோ (ஒளி படரச் செய்யும் எபெக்ட்), கடைசியில் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஷார்ப்பன் ஓரங்களைக் கூர்மையாக்கும்போது நாய்ஸையும் கூர்மையாக்குகிறது. கான்ட்ராஸ்ட் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. இப்படி ஊட்டி வளர்த்த நாய்ஸைக் கடைசியில் அடக்கத்தான் 40-க்கு மேல் தேவைப்பட்டது.

நாய்ஸ் ரிடக்‌ஷனை முதல் நோடுக்குக் கொண்டுவந்தோம். ஷார்ப்பனைக் கடைசிக்குத் தள்ளி, அளவையும் குறைத்தோம். லூமா, குரோமா பூட்டைப் பிரித்து, லூமா 8, குரோமா 18 என்று வைத்தோம். நிறத்தின் நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகத் தேடாது. அதோடு இந்தக் கேமராக்கள் நிறத்தை ஏற்கெனவே நான்கில் ஒரு பங்கு புள்ளிகளில்தான் பதிவு செய்கின்றன. அதனால் குரோமாவில் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். பிரேம் எண்ணிக்கை 2, அசைவை ஊகிக்கும் முறை 'பெட்டர்'. மோஷன் எண்ணையும் இறக்கினோம். அது குறையக் குறைய, அசையும் பகுதிகளை எபெக்ட் தொடாமல் விடும்.

வித்தியாசத் திரையில் புருவமும் ஜரிகையும் மறைந்தன. அட்சதை மட்டும் இன்னும் லேசாகத் தெரிந்தது. எந்த எண்ணில் வைத்தாலும், நாய்ஸ் போகிற அளவுக்கு ஏற்றினால் அரிசியும் கொஞ்சம் போகிறது. சரி, இதை எபெக்ட்டால் தீர்க்க வேண்டாம், எடிட்டிங்கில் தீர்க்கலாம் என்று முடிவு செய்தோம். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் இரண்டாம் கேமராவுக்கு ஒரு வெட்டு, அங்கிருந்து திரும்பி முதல் கேமராவுக்கு வரும்போது நாய்ஸ் ரிடக்‌ஷன் மிகக் குறைவாக உள்ள துண்டு. கோணம் மாறுவதால் நாய்ஸின் அளவு மாறுவது கண்ணை உறுத்தவில்லை. அட்சதை விழும் அந்தச் சில நொடியில் யார் கண்ணும் இருட்டு மூலைக்குப் போகாது.

எப்படிப் பார்த்து முடிவு செய்தோம்

மறுபடியும் கால் அளவில் பார்த்தால் மறுபடியும் அதே கதைதான். அதனால் முழு அளவுக்கு மாற்றி, முகூர்த்தத் துண்டுக்கு மட்டும் உள்ளே-வெளியே குறித்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் நோடில் வலது கிளிக் செய்து நோட் கேஷை ஆன் செய்தோம். டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு வரும், கணினி ஒவ்வொரு பிரேமாகக் கணக்கிட்டு வட்டில் எழுத எழுத அது நீலமாக மாறும். நீலம் ஆன பிறகு அந்தத் துண்டு முழு அளவில் நொடிக்கு 25 பிரேமுக்கு ஓடும். எபெக்ட்டின் எண்ணைத் தொட்டால் கேஷ் செல்லாது, மறுபடி சிவப்பு. பொறுமை வேண்டும், ஆனால் துண்டு சின்னது என்பதால் தாங்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. கணினி முழு அளவில் கணக்கிட்டாலும், 1920×1080 திரையின் ஒரு பகுதியாக இருக்கும் வியூவருக்குள் 4கே படம் முழுதாக அடங்க வேண்டும் என்றால் அது சுருங்கித்தான் தெரியும். கால் அளவு செய்த அதே காரியத்தை வியூவரும் செய்யும். வியூவரின் ஜூமை 100 சதவீதத்தில் வைத்து, படத்தின் ஒரு மூலையை மட்டும் பார்த்தபடி ஓடவிட வேண்டும். முதலில் முகம், அடுத்து அட்சதை விழும் இடம், அடுத்து இருட்டு மூலை. கடைசியாக எக்ஸ்போர்ட் ஆன துண்டை பென்டிரைவில் போட்டு ஒரு பெரிய டிவியில்.

எல்லா எபெக்ட்டுக்கும் இந்தக் கூத்து தேவையில்லை. இதே புராஜெக்டில் இரண்டாம் கேமராவுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அதன் ஷட்டர் 1/60-இல் விடப்பட்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எல்இடி சரங்கள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 1/50 என்றால் சரியாக இரண்டு துடிப்புகள் ஷட்டருக்குள் அடங்கும். 1/60 என்றால் இரண்டாவது துடிப்பு பாதியில் அறுபடும். அதனால் மேலிருந்து கீழாகப் பதிவாகும் வரிகளுக்குள் வெளிச்சம் மாறி, படத்தில் இருட்டுப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்தன. அதற்குப் போட்ட டிஃப்ளிக்கர் எபெக்ட்டைப் பார்க்கக் கால் அளவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் பட்டைகள் பெரியவை. ஆனால் நிறுத்திப் பார்த்தால் பயனில்லை, ஓடினால்தான் ஊர்வது தெரியும். நிறத்துக்கு நேர் எதிர். நிறுத்திய ஒரு பிரேமே பெரும்பாலும் போதும். க்ளோ மாதிரியான எபெக்ட்டுகளை, பட்டியலில் மவுஸை மேலே வைத்தாலே வியூவரில் காட்டிவிடுகிறது. எது வேண்டும் என்று பொறுக்க அது வசதி. எவ்வளவு வேண்டும் என்பதை அதில் முடிவு செய்ய முடியாது. ஷார்ப்பன், தோல் மென்மையாக்கல், க்ரோமா கீயின் (பச்சைத் திரையை நீக்கும் எபெக்ட்) ஓரம் ஆகியவை பிக்சல் நுணுக்கத்தில் வாழ்பவை. இவற்றுக்கு 100 சதவீதம் இல்லாமல் வேறு வழியில்லை.

வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் இதே வசதிகள் வேறு பெயரில் உண்டு. பிரீமியர் புரோவில் டைம்லைனுக்கு மேலே சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள் வரும். பச்சை என்றால் அந்தப் பகுதிக்கு ரெண்டர் செய்த ஃபைல் தயார். அதில் ஓடும்போது உள்ள தெளிவும் நிறுத்தும்போது உள்ள தெளிவும் தனித்தனி அமைப்புகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுத்தினால் முழுத் தெளிவு, ஓடினால் கால் என்று வைத்திருப்பவர்களுக்கு, முழுத் தெளிவோடு அசையும் படம் கண்ணில் படுவதே இல்லை. கேடிஎன்லைவில் ஷிஃப்ட் + என்டர் அழுத்தினால் குறித்த பகுதி முன்கூட்டி ரெண்டர் ஆகும், சிவப்புப் பட்டை பச்சையாகும். எபெக்ட் போட்டதையும் போடாததையும் திரையைப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் காட்டும் வசதியும் அதில் இருக்கிறது.

திருத்திய வீடியோவை ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டு, காலையில் எடுத்துக் கொடுத்தார் தம்பி. பெண்ணின் அப்பா அதை ஏற்றுக்கொண்டார். மாலை மாற்றும்போது இரண்டாம் கேமரா எடுத்த ஒரு தூரக் காட்சியில் மட்டும் நாய்ஸ் இன்னும் இருக்கிறது. அதை முழுக்க எடுக்கப் பார்த்தால் பாட்டி ஒருவரின் முகச் சுருக்கங்கள் சேர்ந்து போயின. அந்தக் காட்சியில் எபெக்ட்டை அணைத்துவிட்டோம், தம்பி அதை வீட்டாரிடமும் சொல்லிவிட்டார்.